பெயிண்டுக்கு முன்னால் ஒரு பாலிதீன் தாள்

போடிநாயக்கனூர்,
மாசி மாதம்.

அன்புள்ள தாயி,

உன் கடிதம் கிடைத்தது. ஊர் வீட்டுப் பட்டாசாலையின் சிவப்புத் தரை மங்கிவிட்டது, மேலே தோட்டத்து வீட்டின் சிமெண்ட் தரை கூட்டக் கூட்டப் புழுதி விடுகிறது, இரண்டுக்கும் சேர்த்துச் சாம்பல் நிறத்தில் எப்பாக்சி அடித்துவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். பங்குனி விடுமுறையில் வந்து உன் கையாலேயே அடிக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். 2023 ஜூன் 15 முதல் சென்னை ரயில் போடி வரைக்கும் வருகிறது. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் ஊர். வருவதில் சிரமம் இல்லை. ஆனால் வருவதற்குள் டப்பாவை வாங்கிவிடாதே.

பெரியப்பாவின் பதில் சுருக்கமானது. தோட்டத்து வீட்டுத் தரைக்கு அடிக்கலாம், அதற்கும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பட்டாசாலையில் பெயிண்ட் பிரஷ்ஷே படக்கூடாது. ஏன் என்பதுதான் மீதிக் கடிதம்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பெயிண்டைப் பத்துச் சதுர மீட்டர் தரையில் பரப்பினால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதாவது உன் நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள். பெயிண்டில் இருக்கும் தண்ணீரோ தின்னரோ ஆவியாகிப் போனால் அந்தத் தாளும் இன்னும் மெலியும். இரண்டு கோட் அடித்தால் இரண்டு தாள். அந்த இரண்டு தாளின் மேல்தான் நாற்காலி இழுபடும், அரிசி மூட்டை இறங்கும், சைக்கிள் ஏறும். பட்டாசாலையில் இருப்பது வேறு கணக்கு. அங்கே சிவப்பு நிறம் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தரையோடு தரையாக இருக்கிறது. தேயத் தேய அடியிலிருந்தும் சிவப்பே வரும். முப்பது நாற்பது தாள் கனத்துச் சொத்தை இரண்டு தாளுக்கு அடியில் மறைக்கப் பார்க்கிறாய்.

அந்தச் சிவப்பு எப்படி வந்தது? சிமெண்ட் நம் ஊர்ச் சரக்கு இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். தென்பாண்டிச் சீமைக்குப் பக்கத்திலேயே சிமெண்ட் கிடைக்கத் தொடங்கியது, திருநெல்வேலிக்கு அருகே சங்கர்நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1949இல் உற்பத்தியைத் தொடங்கியபோது. வெறும் சிமெண்ட் தரை சாம்பல் பூத்துக் கிடக்கும். அதில் இரும்பு ஆக்சைடு கலந்தால் செக்கச் சிவந்த தரை. கேரளத்தில் இதைக் காவி என்பார்கள். கொல்கத்தாவின் பழைய வீடுகளிலும் கறுப்புக் கரை போட்ட சிவப்புத் தரை ஓர் அடையாளம். திருவனந்தபுரத்தில் குடியேறிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தாம் கட்டிய சிக்கன வீடுகளில் ஆக்சைடு தரையை விரும்பிப் போட்டார். இலங்கையில் ஜெஃப்ரி பாவா, கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் இருந்த தம் சொந்த வீடு உட்படப் பல கட்டடங்களில், மெருகேற்றிய சிமெண்ட் தரையையே வைத்துக்கொண்டார். வசதி படைத்தவர்களும் இத்தாலியப் பளிங்கைத் தேடாமல் சிமெண்டை மெருகேற்றிய காலம் ஒன்று இருந்தது.

இரும்பு ஆக்சைடு என்றால் துருதான். துரு ஏற்கெனவே ஆக்சிஜனோடு கூடி முடித்த பொருள். வெயில் அதை வெளுக்காது, சிமெண்டில் உள்ள சுண்ணாம்பும் அதைக் கெடுக்காது. பூவிலிருந்தோ வேரிலிருந்தோ எடுத்த சாயத்தைச் சிமெண்டில் கலந்திருந்தால் அடுத்த கோடைக்குள் வெளுத்திருக்கும்.

கொத்தனார் அந்தத் தரையைப் போட்ட விதம் தெரிந்தால் அதன் மேல் பெயிண்ட் அடிக்க உனக்குக் கை வராது. கீழே கான்கிரீட். அதன் மேல் சிமெண்டும் மணலும் கலந்த கலவை, மணியாஸ் கட்டையால் மட்டம் பார்த்து இழுத்தது. அந்தக் கலவை முழுக்க இறுகும் முன்பே அதன் மேல் சிமெண்டும் ஆக்சைடு பொடியும் சேர்ந்த மேல்பூச்சு. பொடியையும் சிமெண்டையும் தண்ணீர் படாமல் உலர்வாகவே சலித்துக் கலக்க வேண்டும். அறை முழுவதற்கும் வேண்டிய அளவை ஒரே தடவையில் கலந்து வைத்தாக வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் சிவப்பு இரண்டு விதமாகத் தெரியும். பிறகு கரண்டியால் தேய்ப்பு. ரொம்ப சீக்கிரம் தேய்த்தால் தண்ணீர் மேலே ஏறி மேல்பகுதி பலவீனமாகும், தாமதித்தால் கரண்டிக்கு மசியாது. அந்த இடைப்பட்ட நேரம் கொத்தனாரின் உள்ளங்கைக்குத்தான் தெரியும். தொடங்கினால் அறையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டு தெரியும். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். ஏழு, பத்து நாள் அந்தத் தண்ணீர் வற்றக்கூடாது. சிமெண்ட் உலர்வதால் கெட்டிப்படுவதில்லை, தண்ணீரோடு கூடிக் கெட்டிப்படுகிறது. சித்தாள் தண்ணீர் விட மறந்த வீட்டில் முதல் வருஷமே மயிர்க்கோடு விரிசல் ஓடியிருக்கும்.

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் இதே ஆக்சைடும் சிமெண்டும் வேறு வேலை செய்கின்றன. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, பின்பக்கம் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடும். இங்கும் நிறம் மேலே ஒட்டியது இல்லை, உள்ளே கலந்தது.

இனித் தோட்டத்து வீட்டுக்கு வருவோம். போடி கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 350 மீட்டரில் இருக்கிறது. முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் நம் தோட்டத்து வீடு இருக்கும் போடிமெட்டு, 1,300 மீட்டருக்கு மேல். ஒரே குடும்பத்துக்கு இரண்டு வீடு என்றாலும் தரை விஷயத்தில் இரண்டும் இரண்டு நாடு. கீழே எதிரி வெயில். மேலே எதிரி ஈரம்.

தோட்டத்து வீட்டு அறைக்கு நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு தடவை பச்சை எனாமல் அடித்தது உனக்கு நினைவிருக்காது. அடுத்த மழைக்குள் பொறுக்கு பொறுக்காகக் கிளம்பிவிட்டது. எல்லாரும் பெயிண்டைத் திட்டினார்கள். அதன் மேல் குற்றம் இல்லை. சிமெண்டில் சுண்ணாம்பு உண்டு, காரம் அதிகம். புதிய கான்கிரீட்டின் கார அளவு 12, 13 பி.எச். வரை போகும். எனாமலில் எண்ணெய்ப் பசை உண்டு. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? குடிசைத் தொழிலில் தேங்காய் எண்ணெயோடு எரிசோடா கலந்து செய்வது எதுவோ அதுதான், சோப்பு. தரைக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மெல்லிசாகச் சோப்புப் படலம் உருவாகிறது. சோப்பின் மேல் எது நிற்கும்? பழைய தரையில் மேல்காரம் காலப்போக்கில் குறைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அடியிலிருந்து ஓதம் ஏறினால் அது காரத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். சுவரோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பாய். தண்ணீர் ஏறி வந்து, காற்றில் ஆவியாகி, தான் சுமந்து வந்ததை வைத்துவிட்டுப் போன இடம் அது.

எனவே டப்பாவைத் திறக்கும் முன் தரையின் ஈரத்தைப் பார்க்க வேண்டும். ஏலக்காய் ஊரில் பிறந்தவளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். பச்சைக்காய் ஐந்து கிலோ, காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போனால் காய்ந்து வெளியே வருவது ஏறக்குறைய ஒரு கிலோ. மீதி நாலு கிலோவும் தண்ணீர். பத்து, பன்னிரண்டு சதவீத ஈரத்துக்கு இறங்கும் வரை சூடு ஓடிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து நிறம் கெடும். ஏலத்துக்குப் போகும் முன் வியாபாரி காயைக் கையில் போட்டுக் குலுக்கிப் பார்க்கிறார். காய்ந்த காய் சலசலக்கும், அரைக்காய்ச்சல் காய் சத்தம் போடாது.

தரையைக் குலுக்க முடியாது. அதற்குத்தான் பாலிதீன் தாள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, தெளிவான கெட்டித் தாள். தரையைத் துடைத்து உலரவிட்டு, தாளை விரித்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்ட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். அமெரிக்கப் பொறியாளர்களின் ஏ.எஸ்.டி.எம். டி 4263 என்ற தரநிலையும் இதே முறையைத்தான் சொல்கிறது. எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலோ, தாள் இருந்த இடம் கறுத்திருந்தாலோ தரை இன்னும் காயாத காய். ஒரு இடத்தில் மட்டும் போட்டுப் பார்த்து ஏமாறக்கூடாது. நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று, தண்ணீர் புழங்கும் அடுப்படிப் பக்கம் ஒன்று.

ஈரம் தெரிந்தால் எந்தக் கம்பெனி பெயிண்டும் காப்பாற்றாது. ஈரம் வரும் வழியைத் தேட வேண்டும். மலைச்சரிவு வீடுகளில் அது பெரும்பாலும் பின்சுவர்தான். சரிவை வெட்டி மட்டம் பண்ணி வீடு கட்டுவதால் பின்பக்கம் மண் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. மேலே பெய்த மழை அந்த மண்ணுக்குள் இறங்கித் தரைக்கு அடியில் வந்து தேங்குகிறது. பழைய வீடுகளில் கான்கிரீட்டுக்குக் கீழே தார்ச்சீட்டோ பாலிதீனோ போட்டிருக்க மாட்டார்கள். கான்கிரீட் பார்வைக்குப் பாறை, உள்ளே நூலிழை நூலிழையாகத் துவாரம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது தண்ணீரை இழுக்கும். இதற்கு மருந்து பெயிண்ட் கடையில் கிடையாது. பின்சுவரை ஒட்டித் தரை மட்டத்துக்குக் கீழே ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும்.

இன்னொரு ஈரமும் உண்டு, அது மேலிருந்து வருவது. குளிர்ந்த மோர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறது இல்லையா? காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராகப் படிகிறது. எந்தச் சூட்டுக்குக் கீழே அப்படிப் படியுமோ அதைப் பனிநிலை என்பார்கள். போடிமெட்டுக் காலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும்போது, ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தரை அந்த டம்ளர்தான். கண்ணுக்கு உலர்ந்தது போலத் தெரியும், ரோலர் ஓடிய பிறகு பெயிண்ட் பால் பூத்து வெளுக்கும். அதனால்தான் தொழிற்சாலைத் தரை போடுகிறவர்கள், தரையின் சூடு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். மேலே வேலை செய்வதானால் பனி விலகி, வெயில் ஏறி, தரை சூடு பிடித்த பிறகு பத்து பதினொரு மணிக்குத் தொடங்கி மாலை குளிரும் முன் முடிக்க வேண்டும். கீழே போடியில் இதற்கு நேர் எதிர். சித்திரை வெயிலில் சூடேறிக்கொண்டிருக்கும் தரையின் துவாரங்களில் உள்ள காற்று விரிந்து, ஈரப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஊசி குத்தியது போலப் புள்ளி விழும். அங்கே வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும்.

மாதமும் முக்கியம். ஆனியிலிருந்து மலைமேல் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆடி ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு பல சுற்றாகத் தை, மாசி வரை நீளும். அந்த மாதங்களில் தோட்டத்து வீட்டு அறையில் மூட்டை இருக்கும். ஈரமும் குறைந்து, அறையும் காலியாக இருப்பது மாசிக் கடைசியும் பங்குனியும்தான். விடுமுறையை நீ சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய், தெரிந்தோ தெரியாமலோ.

தாள் காய்ந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது தரையைத் தயார் செய்வது. மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான், ஆனால் போட்டோவில் தெரியாது. விரிசல்களை உளியால் சற்று அகலமாக்கி, புழுதியை ஊதித் தள்ளி, நிரப்பிக் காயவிட வேண்டும். புதிதாகச் சிமெண்ட் பூசினால் அந்த இடத்துக்கு 28 நாள் பொறுமை வேண்டும். பழைய எனாமலின் பொறுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு தேங்காய் நார் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, எண்ணெய்க் கறை போகும் வரை கழுவ வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தரையில் விட்டுப் பார். சட்டென்று உறிஞ்சிக் கறுத்தால் நல்ல தரை, பெயிண்டையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் எண்ணெயோ மெழுகோ மிச்சம் இருக்கிறது, அல்லது கரண்டித் தேய்ப்பில் தரை கண்ணாடியாகி இருக்கிறது.

வழவழப்பைச் சொரசொரப்பாக்க இரண்டு வழி. ஒன்று உப்புத்தாள் அல்லது தேய்க்கும் மெஷின். உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்துக்கொண்டே தேய்க்க வேண்டும், மூக்கில் துணி போதாது, என்95 மாஸ்க் வேண்டும். பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற சட்டம் இந்தியாவில் 2017 நவம்பர் 1இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, ஜன்னல், தரை எதையும் உலர்வாகத் தேய்க்காதே.

இரண்டாவது வழி ஆசிட். கடைக்காரர் முதலில் இதைத்தான் எடுத்துத் தருவார். வீட்டுக்குள் வேலை என்றால் முடிந்தவரை வேண்டாம். மெழுகையோ எண்ணெயையோ ஆசிட் கரைக்காது, ஆவி மூச்சை அடைக்கும், அறையில் உள்ள இரும்பெல்லாம் மறுநாள் துருப்பிடிக்கும். போட்டே தீர வேண்டும் என்றால், பிளாஸ்டிக் வாளியில் பத்துப் பங்கு தண்ணீரை முதலில் ஊற்றி, அதற்குள் ஒரு பங்கு ஆசிட்டை மெதுவாக விட வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல். நுரைத்து அடங்கியதும் சோடா உப்புக் கரைசல் விட்டு, பிறகு மூன்று நாலு தடவை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அப்புறம் மறுபடி காயவைத்து, மறுபடி பாலிதீன் தாள்.

இப்போது கடைக்குப் போகலாம். ஒரு குழப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "ரெட் ஆக்சைடு" என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று சிமெண்டில் கலக்கும் பொடி. இன்னொன்று கிரில் கம்பிக்கும் இரும்புக் கதவுக்கும் அடிக்கிற பிரைமர், டப்பாவில் வரும், எண்ணெய்ப் பசை உள்ளது. பெயர் ஒன்று, நிறம் ஒன்று, வேலை வேறு. பிரைமரை வாங்கி வந்து தரையில் அடித்தால் முன்பு சொன்ன சோப்புக் கதை மறுபடி நடக்கும்.

நீ கேட்ட எப்பாக்சி காரத்துக்கு அசராது. 1930களில் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் பியேர் காஸ்டான் பல்செட்டுக்குப் பொருள் தேடியபோது கண்டெடுத்தவற்றில் ஒன்று அது. வாய்க்குள் உட்காருவதற்காகப் பிறந்தது தொழிற்சாலைத் தரையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு டப்பாவாக வரும், ஒன்று பிசின், ஒன்று அதை இறுகவைக்கும் துணை. கண்ணளவில் கலக்கக்கூடாது, டப்பாவில் போட்டிருக்கும் விகிதம்தான் விகிதம். துணை குறைந்தால் தரை என்றைக்கும் பிசுபிசுக்கும், கூட ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பதும் தப்பு. வாளியின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்க வேண்டும். கலந்த நிமிஷத்திலிருந்து கெடு ஓடத் தொடங்கிவிடும். மொத்தமாக வாளியிலேயே வைத்திருந்தால் தானாகச் சூடேறிக் கல்லாகும். எனவே பாதி அறைக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு ஆயுசுக்கும் விடாது, கையுறையைக் கழற்றாதே. குளிரில் எப்பாக்சி சோம்பேறி, 10 டிகிரிக்குக் கீழே இறுகவே மறுக்கும். வெயில் நேராக விழும் திண்ணைக்கும் அது ஆகாது, மஞ்சளித்து மாவாக உதிரும். வெளித்தரைக்கு அதன் மேல் பாலியூரித்தேன் பூச்சு வேண்டும்.

அடிக்கும் முறை எளிது. சுவரோரத்தையும் மூலையையும் முதலில் பிரஷ்ஷால் அடித்து, பிறகு வாசலுக்கு எதிர்க் கோடியிலிருந்து ரோலரோடு பின்வாங்கிக்கொண்டே வந்து வாசல் வழியாக வெளியேற வேண்டும். முதல் தடவை அடிக்கிற எல்லாரும் ஒரு முறையாவது அறைக்குள் மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருப்பார்கள். கனமாக ஒரு கோட் அடிப்பதைவிட மெல்லிசாக இரண்டு கோட் நல்லது. தண்ணீர் புழங்கும் இடத்தில் முதல் கோட் ஈரமாக இருக்கும்போது மெல்லிய சிலிக்கா மணலைத் தூவிவிடு, பாட்டி வழுக்கி விழ மாட்டாள். தின்னர் கலந்த பெயிண்ட் என்றால் அன்றைக்கு அடுப்பு கிடையாது, சாமி விளக்கும் ஊதுபத்தியும்கூடக் கிடையாது. ஆவி தரையோடு தவழ்ந்து போய்ப் பக்கத்து அறை நெருப்பைத் தொடும்.

மறுநாள் நடக்கலாம். கட்டிலை இழுத்துப்போட ஒரு வாரம் ஆகும். அந்த அறைக்கு இன்னொரு தவணையும் உண்டு. ஏலக்காயின் விலை பாதி அதன் நிறத்திலும் பருமனிலும் இருந்தால், மீதி வாசனையில் இருக்கிறது. காய் சுற்றியுள்ள வாடையை இழுத்துக்கொள்ளும். எட்டு எம்எம் பருமனில் பச்சை மாறாத காய் தின்னர் வாடை அடித்தால் ஏலத்தில் யார் கேட்பார்கள்? பங்குனியில் அடித்துவிட்டு, ஜன்னலைத் திறந்துபோட்டு, வாடை துளியும் இல்லை என்று ஆன பிறகுதான் ஆவணிக் காய் உள்ளே போகலாம்.

பட்டாசாலைக்குத் திரும்புவோம். எத்தனையோ வருஷமாகத் தேங்காய் எண்ணெயும் மெழுகும் குடித்த தரை அது. சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டோடும். அதன் மேல் எப்பாக்சி ஒட்டாது. ஒட்டவைக்க வேண்டுமானால் மெருகை முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும், அதாவது கொத்தனார் உட்கார்ந்து தேய்த்ததை மெஷின் விட்டு அழிக்க வேண்டும். அந்தத் தரைக்கு வேண்டியது பெயிண்ட் இல்லை, குளியல்.

இளஞ்சூட்டுத் தண்ணீரும் லேசான சோப்பும் போதும். கறுத்துப்போன பழைய மெழுகைத் துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைக்கலாம். பாத்ரூம் ஆசிட், எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் ஆகாது. புளிப்பு எதுவானாலும் சிமெண்டைத் தின்னும். உரல் விழுந்து பெயர்ந்த இடத்துக்குச் சிமெண்டும் ஆக்சைடு பொடியும் குழைத்துப் பூசலாம். ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்ததும் வெளிறும் என்பதால் உடைந்த ஓட்டுத் துண்டுகளில் நாலைந்து விகிதம் பூசி, முழுக்கக் காயவைத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடு. அச்சாக ஒன்றும் பொருந்தாது, தழும்பு இருந்துவிட்டுப் போகட்டும். கடைசியில் மெழுகு. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சின்னப் பாத்திரம் வைத்து, தேங்காய் எண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, ஆறியதும் மெல்லிசாகத் தடவித் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அதிகம் தடவினால் தரை வழுக்கும், அழுக்கும் ஒட்டும். இலங்கையில் இதற்குத் தேங்காய் மட்டையைப் பாதியாக வெட்டிப் பிரஷ்ஷாக வைத்துக்கொள்வார்கள். பிலிப்பைன்ஸில் அதன் பெயர் புனோட். ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டு மரத்தரையில் ஆடுவதுபோல முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். உனக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடினால் பட்டாசாலை முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். தை முதல் நாள் அதில் அரிசி மாவுக் கோலம் விழும்போது சாம்பல் நிறத்தைப் பற்றி நீயே பேச மாட்டாய்.

செவ்வாய்க்கிழமை ஜீப்பில் மேலே போய் மூன்று இடத்தில் தாள் ஒட்டிவிட்டு வந்தேன். நேற்றுப் போய் எடுத்துப் பார்த்தேன். நடு அறையில் தாள் உலர்ந்து இருந்தது. அடுப்படிப் பக்கமும் பரவாயில்லை. பின்சுவர் ஓரத்தில் ஒட்டிய தாளுக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, தரையும் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால், பின்பக்க வாய்க்கால் மண் சரிந்து மூடிக் கிடக்கிறது, அதன் மேல் ஏலச்செடி ஒன்று முளைத்து ஒரு முழம் வளர்ந்திருக்கிறது.

ஆகவே பங்குனியில் முதல் இரண்டு நாள் மண்வெட்டி வேலை. செடியை வேரோடு எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். வாய்க்கால் திறந்து ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி தாள் ஒட்டுவோம். அதற்குள் பட்டாசாலை மெழுகு வேலை முடிந்துவிடும். பழைய சுடிதார் இரண்டு, கால் விரல் மூடிய செருப்பு ஒன்று எடுத்து வா. தேன்மெழுகு இங்கேயே கிடைக்கும், சென்னையிலிருந்து சுமந்து வர வேண்டாம்.

அன்புடன்,
பெரியப்பா